ஆவணப்படம் எடுப்பவர்கள் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள்?

கடைமடைக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது இருபத்தாறு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்று எங்கள் ஊர். திருச்சியில் காட்சித் தொடர்பியல் படித்தேன். நான்கு ஆண்டுகளாக மன்னார்குடியில் ஒரு திருமண ஸ்டுடியோவில் ஒளிப்பதிவாளராக இருக்கிறேன். வீட்டில் ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நிலம் உண்டு; அதை அப்பா பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் பகுதி வாய்க்கால்களைப் பற்றி ஒரு சுயாதீன ஆவணப்படம் எடுப்பதற்காக நான்கு பேர் கொண்ட குழு ஒன்று வந்தது. முதலில் வழிகாட்டவும் தங்குமிடம் பார்த்துக் கொடுக்கவும்தான் என்னை அழைத்தார்கள். பிறகு மதகு திறக்கும் நாளில் ஆள் போதாமல் இரண்டாவது கேமராவை என் கையில் கொடுத்தார்கள். விட்டுவிட்டுப் பதினான்கு மாதம் அவர்களோடு இருந்தேன். படம் முடிந்து இப்போது விழாக்களுக்குச் சென்றுகொண்டிருக்கிறது.

அந்தப் பதினான்கு மாதத்தில் நான் கவனித்த ஒன்றுதான் என்னைக் குழப்புகிறது. நால்வரில் ஒருவர்கூட ஆவணப்படத்தால் பிழைக்கவில்லை. இயக்குநர் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஒளிப்பதிவு செய்த அக்கா சென்னையில் விளம்பரப் படங்களுக்குப் போகிறார். ஒலிப்பதிவாளருக்கு டப்பிங் ஸ்டுடியோவில் வேலை. படத்தொகுப்பாளர் செய்தித் தொலைக்காட்சியில் இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் இந்தப் படத்தை வெட்டினார். இயக்குநர் அடுத்த படத்துக்கு என்னை முழுநேரமாக வரச் சொல்கிறார். ஸ்டுடியோவை விட்டுவிட்டுப் போகலாமா? இதில் தொழில் என்று ஒன்று உண்டா, அல்லது எல்லோரும் வேறோர் இடத்தில் சம்பாதித்து இதில் கொண்டுவந்து கொட்டுகிறார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் முடிவில் என் பெயர் ஒளிப்பதிவில் இல்லை. ‘நன்றி’ என்ற பட்டியலில், நாங்கள் தினமும் டீ குடித்த கடைக்கும் டிராக்டர் கொடுத்து உதவியவருக்கும் நடுவில் இருக்கிறது.

குடமுருட்டி (கும்பகோணம்) எழுதுகிறார்:

தம்பிக்கு வணக்கம். நான் 1998-இல் திருமண வீடியோக்காரருக்கு விளக்குப் பிடிக்கும் பையனாக இந்த வேலைக்கு வந்தவன். இன்றும் என் சோறு கல்யாணத்திலிருந்துதான் வருகிறது. அதற்கிடையே ஐந்து ஆவணப்படங்களில் கேமரா பிடித்திருக்கிறேன்; இரண்டுக்குக் கூலி முழுதாக வந்தது, ஒன்றுக்குப் பாதி வந்தது, மற்ற இரண்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நட்புக்கு நல்லது.

ஸ்டுடியோவை விடலாமா என்று கேட்கிறீர்கள். விடவேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் பயம் அன்று, பஞ்சாங்கம். நம் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஸ்டுடியோக்காரர்கள் ஆல்பம் ஒட்டிக்கொண்டும் பழைய பாக்கி வசூலித்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கும் மாதங்கள் இவை. ஆற்றில் புதுத் தண்ணீர் வருவதும், ஆடிப்பெருக்குக்குப் படித்துறைகள் நிறைவதும் அதே ஆடியில்தான். சம்பாப் பயிர் கதிர் பிடித்து, மழை எப்போது சாய்க்குமோ என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அதே மார்கழியில்தான். டெல்டாவைப் பற்றிப் படமெடுக்கிறவனுக்குத் தேவையான மாதங்களும், கல்யாண வீடியோக்காரன் சும்மா இருக்கும் மாதங்களும் இப்படிப் பொருந்தி வருவது வேறு எந்த ஊர்க்காரனுக்கும் வாய்க்காத வசதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வசதி என்று சொன்னேனே தவிர, அது எப்போதும் கைகொடுக்காது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பதால், அதை நம்பித்தான் எல்லாக் குழுக்களும் நாள் குறிக்கின்றன. 2022-இல் நீர்வரத்து நன்றாக இருந்து மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அது வைகாசி மாதம். மூன்று கல்யாணங்களுக்கு நான் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். முதல் தண்ணீர் புழுதியை உருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் நுழையும் காட்சியை, ஒன்றரை ஆண்டு காத்திருந்த நான் எடுக்கவில்லை, வேறொருவர் எடுத்தார். அடுத்து 2024-இல் நேர்மாறாக ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஜூன் மாதத்துக்கு விடுப்பு எடுத்து வந்திருந்த சென்னை நண்பர்கள் வறண்ட ஆற்று மணலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அணை திறந்தபோது ஆடி பன்னிரண்டு. உள்ளூரில் சும்மா இருந்த நான்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்லணைக்கு ஓடினேன். உள்ளூர்க்காரனாக இருப்பதன் மதிப்பு எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஒரு எச்சரிக்கை மட்டும். கல்யாணத்தில் பழகிய கை ஆவணப்படத்தில் நம்மைக் காட்டிக்கொடுக்கும். நமக்கு அசையாமல் ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. ஜூமும் சுழற்சியும் டிரோனும் இல்லாமல் ஐந்து நிமிடம் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது. என் முதல் படத்தின் இயக்குநர் நான் எடுத்ததைப் பார்த்துவிட்டு, “எல்லாம் அழகாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை” என்றார். புணே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த ஆர்.வி. ரமணி தோற்பாவைக் கூத்துக் கலைஞர்களைத் தேடிப்போய் எடுத்த ‘நீ எங்கே’ போன்ற படங்களை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். கேமரா எப்போது நகர்கிறது, எப்போது நகர மறுக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அரசலாறு எழுதுகிறார்:

குடமுருட்டி அண்ணனின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. சும்மா இருக்கும் மாதத்தில் செய்கிற வேலை என்றைக்கும் சும்மா இருக்கும் மாதத்து வேலையாகவே நின்றுவிடும். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் எழுபதுகளிலிருந்து இதை மட்டுமே செய்துவருகிறார். தம் படங்களைத் தூர்தர்ஷனில் காட்டவைக்க நீதிமன்றம் வரை போனார். வேறு பிழைப்பு வைத்துக்கொண்டு அப்படிப் பத்தாண்டுகள் வழக்கு நடத்த முடியுமா? மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் 1998-இல் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கி இத்தனை ஆண்டுகள் நடத்தியதும் பகுதிநேர ஆசையால் நடந்தது அன்று. வயது இருபத்தாறு, குடும்பப் பொறுப்பு இன்னும் வரவில்லை, இப்போது போகாவிட்டால் எப்போது போவது?

மலைக்கோட்டைவாசி (திருச்சி) எழுதுகிறார்:

நான் படத்தொகுப்பாளர். பெண் என்பதால் இரவுப் பணி கொடுக்கமாட்டோம் என்று ஒரு தொலைக்காட்சி சொன்னது. அந்தக் கோபத்தில் தனியாக ஒரு தொகுப்பு அறை வைத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நிறுவன அறிமுகப் படங்கள், கல்லூரிகளின் இணையப் பாடங்கள், கோயில் கும்பாபிஷேகம் ஆகியவை வாடகையைக் கட்டுகின்றன. ஆண்டுக்கு ஓர் ஆவணப்படம் செய்கிறேன்.

அரசலாறு சொன்ன எடுத்துக்காட்டுகள் சரியானவைதாம். ஆனால் அவை இயக்குநர்களின் எடுத்துக்காட்டுகள். படம் ஓடினால் இயக்குநரைப் பேச அழைப்பார்கள், நிதி கொடுப்பார்கள், நடுவராக உட்காரவைப்பார்கள். ஒலிப்பதிவாளரை யார் அழைக்கிறார்கள்? தம்பி கேட்டது படத்தின் பின்னால் நிற்பவர்களைப் பற்றி. அவர்களுக்குப் பக்கத்துத் தொழில் இல்லாமல் முடியாது. எந்தப் பக்கத்துத் தொழில் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

‘தாரே ஜமீன் பர்’ படத்தைத் தொகுத்த தீபா பாட்டியா, பத்திரிகையாளர் பி. சாய்நாத்தோடு விவசாயிகளின் தற்கொலைகளைப் பின்தொடர்ந்து 2009-இல் ‘நீரோஸ் கெஸ்ட்ஸ்’ என்ற ஆவணப்படத்தை இயக்கினார். இந்தி வணிகப் படங்களின் தொகுப்பு மேசையில் உட்கார்ந்து கற்ற கைத்திறன் அந்த ஆவணப்படத்திலும் தெரிகிறது. பிழைப்புக்குச் செய்யும் வேலையும் ஆவணப்படமும் ஒரே தசையைப் பயன்படுத்தினால் இரண்டும் வளரும். தொகுப்பாளர் வங்கியில் எழுத்தராக இருந்தால் மாலையில் களைப்புதான் மிஞ்சும்.

ஒருகாலத்தில் இதற்கு மாதச் சம்பளமே இருந்தது. 1948-இல் தொடங்கிய, அரசின் ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனில் ஒளிப்பதிவாளரும் தொகுப்பாளரும் அரசு ஊழியர்கள். திரையரங்கில் படத்துக்கு முன்னால் ஓடிய செய்திப்படங்கள் அவர்கள் எடுத்தவை. அந்த நிறுவனம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2000-இல் தோன்றிய பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட் தூர்தர்ஷனோடு சேர்ந்து பலருக்கு முதல் படம் எடுக்கப் பணம் கொடுத்தது. பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையும் கலை, பண்பாடு சார்ந்த படங்களுக்கு நல்கை (நிதியுதவி) கொடுத்திருக்கிறது. ஆனால் எந்த நல்கையும் ஒரு படத்துக்கானது. ஒரு மனிதரின் முப்பது ஆண்டுகளுக்கானது அன்று.

இனி உங்கள் பெயர் பற்றி. ‘நன்றி’ என்பது உதவி செய்தவருக்கு; வேலை செய்தவருக்கு அன்று. நீங்கள் எடுத்த காட்சி படத்தில் இருந்தால் ‘கூடுதல் ஒளிப்பதிவு’ என்று உங்கள் பெயர் வரவேண்டும். அடுத்த குழு உங்களை வேலைக்கு எடுப்பது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கப்போவதும் அதைத்தான். இயக்குநரிடம் இன்றே கேளுங்கள். விழாவுக்குப் போன பிரதியிலும் முடிவுப் பட்டியலைத் திருத்துவது பெரிய வேலை அன்று. தொகுப்பு மேசையில் அரைமணி நேரம், அதற்குப் பிறகு புதிய கோப்பை ஏற்றும் நேரம். நானே பலமுறை செய்திருக்கிறேன். பெரும்பாலும் இவை கெட்ட எண்ணத்தால் நேர்வதில்லை. கடைசி வாரத்தில் தூக்கமில்லாமல் தட்டச்சு செய்த பட்டியலில்தான் இப்படிப்பட்ட அநியாயங்கள் நடக்கின்றன.

ஸ்டுடியோவை விடாமலே இந்தத் தொழிலுக்குள் நுழைய இன்னொரு வாசல் இருக்கிறது. நூறு மணி நேரம் எடுத்த காட்சியை ஒரு மணி நேரமாக்குவதற்கு முன்னால், யார் எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று யாராவது எழுதித் தரவேண்டும். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைகளுக்கு உங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடுவதில்லை. ‘தாளடி’ (குறுவைக்குப் பின் நடும் இரண்டாம் போக நெல்) என்று பெரியவர் சொன்னதை ‘தள்ளாடி’ என்று ஒருவர் எழுதி, அதை நம்பி இன்னொருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முதியவர் நடக்கமுடியாமல் தவிக்கிறார் என்ற பொருளில் துணைத்தலைப்பு வந்த ஒரு முதல்வெட்டை (முதல் தொகுப்புப் பிரதியை) நான் பார்த்திருக்கிறேன். மா, வேலி, மரக்கால், நாற்றங்கால், வடிகால் எல்லாம் தெரிந்த காதுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்கிறவர் முழுப் படத்தையும் தொகுப்பாளருக்கு முன்பே மனத்தில் பார்த்துவிடுகிறார். நான் அப்படித்தான் கற்றேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (வேதாரண்யம் பக்கம்) எழுதுகிறார்:

இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்தேன். ஒருகாலத்தில் திரைப்படச் சங்கம் நடத்தி, பள்ளிக்கூடச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் ஆவணப்படத்தின் தொடக்கத்திலேயே தம்பியின் கேள்விக்கான விடை இருக்கிறது. கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் அடிப்படையில் பத்திரிகைக்காரர். ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை கற்றவர். உலகமெல்லாம் அலைந்து, பல நாட்டு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளைத் தேடித் திரட்டி, 1940-இல் காந்தியைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை வெளியிட்டார். அதற்குப் பின் அவர் அடுத்தடுத்து ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. 1943 முதல் ‘குமரி மலர்’ இதழில்தான் அவர் வாழ்நாள் கழிந்தது. ஆனால் பழைய பத்திரிகைகளிலிருந்து அரிய குறிப்புகளைத் தோண்டியெடுத்து அவ்விதழில் வெளியிட்டதும், காந்தியின் படச்சுருள்களைத் தேடியதும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிகின்றன. ஆவணப்படம் அவருடைய தொழில் அன்று. ஆவணம் தேடுவதே தொழில். மலைக்கோட்டைவாசி அம்மா சொன்ன ‘ஒரே தசை’ இதுதான் போலும்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை ‘ராமய்யாவின் குடிசை’ என்ற ஆவணப்படமாக எடுத்த பாரதி கிருஷ்ணகுமார், மேடைப் பேச்சாளராக ஊர் அறிந்தவர். கும்பகோணத்துக் கவிஞர் ரவிசுப்பிரமணியன், இந்திரா பார்த்தசாரதியைப் பற்றியும் ஜெயகாந்தனைப் பற்றியும் ஆவணப்படங்கள் எடுத்தார். அம்ஷன் குமார், யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியைப் பற்றி எடுத்த படத்துக்குத் தேசிய விருது பெற்றார். அவர் கதைப்படமும் எடுத்தவர், சினிமாவைப் பற்றி எழுதியும் வருபவர். பேச்சு, கவிதை, கட்டுரை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஊன்றுகோல் இருந்திருக்கிறது.

இத்தனை பேரைப் பற்றிப் பேசிய நாம், தம்பி முதலில் செய்த வேலையை மட்டும் விட்டுவிட்டோம். வழிகாட்டுவதும் தங்குமிடம் பார்ப்பதும் எடுபிடி வேலை என்று அவரே நினைப்பது போலத் தெரிகிறது. கள ஒருங்கிணைப்பாளர் என்பவர் குழுவில் தவிர்க்கமுடியாதவர். குழு ஊரைவிட்டுப் போன பிறகும் ஊரிலேயே இருக்கப்போகிற ஒரே ஆள் அவர்தான். எங்கள் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழு வந்து, குத்தகைக்கு உழும் ஒருவரைப் பேசவைத்தது. அவர் நில உடைமையாளரைப் பற்றி மனம்விட்டுப் பேசிவிட்டார். படம் இணையத்தில் வந்த இரண்டாம் மாதம் அவருக்குக் குத்தகை இல்லை. குழுவினருக்கு அந்தச் செய்தி தெரியவே பல மாதங்கள் ஆயின. அவரை அறிமுகப்படுத்திய என் பழைய மாணவன் மட்டும் இன்றும் அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போவதில்லை.

ஆகவே, அடுத்த படத்துக்குத் தம்பி எந்தப் பொறுப்பில் போனாலும், பேசுகிறவரிடம் படம் எங்கெல்லாம் காட்டப்படும் என்று தமிழில் எழுதிப் படித்துக்காட்டிச் சம்மதம் பெறுவதையும், விழாவுக்கு அனுப்புவதற்கு முன் ஊரில் ஒருமுறை திரையிடுவதையும் தம் நிபந்தனையாக வைத்துக்கொள்ளட்டும். அந்த நிபந்தனையை வைக்கும் தகுதி குழுவில் அவருக்குத்தான் உண்டு. இதைத் தெரிந்து செய்கிற ஒருங்கிணைப்பாளர் டெல்டாவில் இருக்கிறார் என்று தெரிந்தால், ஆய்வு மாணவர்களும் வெளிநாட்டுக் குழுக்களும் தேடி வருவார்கள்; உரிய ஊதியமும் கேட்கலாம்.

குடமுருட்டி மீண்டும் எழுதுகிறார்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒலிப்பதிவையும் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. டெல்டாவில் கேமராக்காரர்கள் தெருவுக்கு நால்வர் இருக்கிறோம். ஒழுங்காக ஒலி பிடிக்க ஆள் இல்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றியுள்ள பம்புசெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடும். அந்த நேரத்தில் வயல்வரப்பில் பேட்டி எடுத்தால் பேச்சுக்கு அடியில் ஒரு முனகல் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கும். வெளியூர் ஒலிப்பதிவாளருக்கு அந்த நேரம் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கோயில் ஒலிபெருக்கி எந்த மாதத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கும் என்பதும் தெரியும்.

அரசலாறு எழுதுகிறார்:

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா சொன்ன குத்தகைக்காரரின் செய்தி என்னை யோசிக்கவைத்துவிட்டது. முழுநேரமாகப் போகச் சொன்னதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை; ஆனால் ஊரைவிட்டுப் போகச் சொன்னதாக அது ஒலித்திருந்தால், அதைத் திருத்திக்கொள்கிறேன்.

கடைமடைக்காரன் எழுதுகிறார்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இயக்குநருக்குத் தொலைபேசியில் பேசினேன். பெயர் விடுபட்டதை நான் சொல்லும்வரை அவர் கவனிக்கவே இல்லை, மிகவும் வருந்தினார். மதகுக் காட்சி முழுவதும் நான் எடுத்தது என்பதால் ‘கூடுதல் ஒளிப்பதிவு’ என்றும், தனியாகக் ‘கள ஒருங்கிணைப்பு’ என்றும் இரண்டு இடங்களில் சேர்ப்பதாகச் சொன்னார். ஊரில் திரையிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தை நான் பேசி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆடிக்குள் நடந்துவிடும்.

ஸ்டுடியோவை இப்போதைக்கு விடவில்லை. முதலாளியிடம் ஆடியும் மார்கழியும் சம்பளமில்லாத விடுப்பு கேட்டேன். அந்த மாதங்களில் உனக்குச் சம்பளம் கொடுப்பதே எனக்குப் பாரமாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அடுத்த படத்துக்கு ஏற்கெனவே எடுத்துவைத்த பதினோரு மணி நேரப் பேட்டிகளை எழுதித் தரும் வேலையை இயக்குநர் எனக்குக் கொடுத்திருக்கிறார். கூலி மணிக்கணக்கில் பேசியாயிற்று, மின்னஞ்சலில் எழுத்திலும் வாங்கிவிட்டேன்.

மலைக்கோட்டைவாசி அக்காவிடம் ஒரு கேள்வி. பேசுகிறவர் நடுவில் நிறுத்திவிட்டு நெடுநேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருக்கும் இடங்கள் இந்தப் பேட்டிகளில் நிறைய இருக்கின்றன. அவற்றை எப்படி எழுதுவது? வெறும் புள்ளிகள் வைத்துவிட்டு நேரத்தைக் குறித்தால் போதுமா, அல்லது அவர் எதைப் பார்க்கிறார் என்பதையும் எழுதவேண்டுமா?

மலைக்கோட்டைவாசி எழுதுகிறார்:

நேரத்தைக் குறியுங்கள், எதைப் பார்க்கிறார் என்பதையும் எழுதுங்கள். கேமராவுக்கு வெளியே யாராவது வந்ததால் நிறுத்தினாரா, தாமாக நிறுத்தினாரா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நான் வெட்டும்போது முதலில் தேடுவது அந்த இடங்களைத்தான்.